பழைய ஈ46 செடானை விற்கும்போது: பார்க்க வருபவர் எதைக் கேட்கிறார், எதைக் காட்ட வேண்டும் (பலர் சேர்ந்து எழுதியது; ஒவ்வொரு பகுதிக்கும் மேலே எழுதியவரின் புனைப்பெயர்)

ஆறுசிலிண்டர்

பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் ஒரு தலைமுறையான ஈ46 (E46) செடானை, அதிலும் 330ஐ (330i) அல்லது 325ஐ (325i) மேனுவலை, நன்றாக வைத்திருந்து விற்பவர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த செடான் வந்தது 1998-ல்; 2005-ல் அடுத்த தலைமுறை இடத்தைப் பிடித்தது. இத்தனை வயதான காரைத் தேடிப் பிடித்து வாங்க நினைப்பவர் அதன் பலவீனம் அத்தனையும் படித்துவிட்டுத்தான் ஃபோன் போடுகிறார். "சூப்பர் கண்டிஷன், ஒரு வேலையும் இல்லை" என்பது அவர் காதில் ஏறாது. கூலிங் சிஸ்டம் எத்தனை கிலோமீட்டரில் மாற்றியது, பின் சப்ஃபிரேம் (பின் அச்சைத் தாங்கும் சட்டம்) பிடிக்கும் தரைத்தகட்டைப் பார்த்தாயிற்றா, வேனோஸ் (இன்ஜின் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) சீல் போட்டாயிற்றா என்று மூன்று கேள்வி ஃபோனிலேயே வந்துவிடும். பதிலில் இழுத்தால் அவர் நேரில் வரமாட்டார்.

அதனால் விளம்பரத்துக்கு முன்னால் ஃபைல். ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்குவதுதான் பலரின் பழக்கம். அப்படி அடுக்கினால் வருபவர் நாற்பது தாளைப் புரட்டி, கடைசியில் எதுவும் தேடாமல் மூடி வைத்துவிடுவார். பாகம் வாரியாகப் பிரியுங்கள்: கூலிங், ஆயில் கசிவு, சஸ்பென்ஷன், பிரேக், கிளட்ச்சும் கியர்பாக்ஸும், மின்சாரம். மேலே ஒரே ஒரு தாள். அதில் என்ன மாற்றியது, ஓடோமீட்டர் எவ்வளவு காட்டியபோது, எந்தக் கம்பெனி பாகம் என்று மூன்று கட்டம். கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். "கன்ட்ரோல் ஆர்ம் மாற்றியது" என்பதற்கும் "லெம்ஃபோர்டர் கன்ட்ரோல் ஆர்ம், புஷ்ஷோடு (இணைப்பு ரப்பரோடு) சேர்த்து இரண்டு பக்கமும்" என்பதற்கும் உள்ள தூரம் வாங்குபவருக்கு நன்றாகத் தெரியும்.

சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்துகளைக் கொடுத்தால் கார் தொழிற்சாலையிலிருந்து எந்த மாதம், எந்த நிறத்தில், எந்தெந்த ஆப்ஷனோடு வந்தது என்ற பட்டியல் கிடைக்கும். அதையும் அச்சிட்டு வையுங்கள். ஸ்போர்ட் பேக்கேஜ் என்று நீங்கள் சொல்வதற்கும் அந்தத் தாள் சொல்வதற்கும் வித்தியாசம் வரக்கூடாது. 2000-ல் எம்54 இன்ஜின் வந்தது. அதற்கு முந்தையது எம்52-ன் திருத்திய வடிவம். இரண்டையும் மாற்றி எழுதும் விளம்பரம் நிறைய உண்டு. தெரிந்தவர் அந்த ஒரு வரியிலேயே மற்றதையும் சந்தேகிப்பார்.

ஓடோமீட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் காரில் ஓடிய தூரம் மீட்டரிலும் விளக்குக் கட்டுப்பாட்டு மாட்யூலிலும் தனித்தனியாகப் பதிவாகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஓடோமீட்டர் காட்டும் திரையில் ஒரு சின்னப் புள்ளி எரியும். மீட்டரையோ மாட்யூலையோ பழுதுக்காக உண்மையாகவே மாற்றியிருந்தாலும் எரியும். அப்படி மாற்றியிருந்தால் அந்த ரசீது ஃபைலின் முதல் தாளாக இருக்கட்டும். வருபவர் புள்ளியைக் கண்ட பிறகு நீங்கள் சொல்லும் காரணம் எடுபடாது.

நீலக்கூலன்ட்

ஃபைல் சரி. அதற்கு அடுத்தபடியாக முக்கியம், வருபவர் வரும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்பது. வந்ததும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடு தட்டினால் முகம் மாறிவிடும். ஸ்டார்ட் ஆகத் தகராறு, முதல் நிமிடப் புகை, வேனோஸ் கடகடப்பு என எதையோ மறைக்கத்தான் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். பார்க்கிங்கிலிருந்து வாசலுக்கு நகர்த்துவதைக்கூட முந்தைய இரவே முடித்துவிடுங்கள்.

குளிர்ந்த ஸ்டார்ட்டில் அவர் கவனிப்பது இவைதான். சாவி திருப்பியதும் ஓரிரு வினாடியில் பிடிக்கிறதா, ஐடில் ஏறி மெல்ல இறங்கி நிலைக்கிறதா, பின்னால் நீலப் புகை வருகிறதா. குளிர்ந்த காலையில் வெள்ளை ஆவி கொஞ்சம் வருவது இயல்பு; இன்ஜின் சூடேறியதும் மறைந்துவிடும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. எம்54-ல் அதற்கு முதல் சந்தேகம் கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வு, நம் ஆட்கள் சிசிவி என்பது. அதன் டயஃப்ரம் கிழிந்தால் ஆயில் இன்டேக்குக்குள் உறிஞ்சப்படும். சோதிப்பது சுலபம். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து வாயில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. மூடியையே கழற்ற முடியாத அளவுக்கு இழுத்துப் பிடித்தால், அல்லது விசில் சத்தம் வந்தால், வால்வு போய்விட்டது. தாளைத் தூக்கி அடித்தால் பாதை அடைத்திருக்கிறது, இல்லையேல் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. விற்பதற்கு முன் இதை நீங்களே செய்து பாருங்கள், ஏனென்றால் வருபவர் செய்வார்.

ஆயில் கசிவு இரண்டு இடம். வால்வ் கவர் கேஸ்கெட் எக்ஸாஸ்ட் பக்கம் கசிந்தால் ஆயில் சூடான மேனிஃபோல்டில் விழுந்து, கருகிய வாடை ஏசி வழியாகக் கேபினுக்குள் வரும். உள்பக்கம் கசிந்தால் ஸ்பார்க் பிளக் குழிகளில் ஆயில் தேங்கும். ஒரு இக்னிஷன் காயிலைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டாவது, ஆயில் ஃபில்டர் ஹவுசிங்குக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள கேஸ்கெட். அது கசிந்தால் நேரே ஆல்டர்னேட்டர் மேலும் பெல்ட் மேலும் இறங்கும். பெல்ட் ஊறிப் போவதும் ஆல்டர்னேட்டர் சாவதும் பல நேரம் இந்தச் சின்ன ரப்பரால்தான். மாற்றும்போது கேஸ்கெட் மட்டும் போட்டுவிட்டு நிறுத்தக்கூடாது. நனைந்த பெல்ட்டையும் சேர்த்து மாற்றினால்தான் அந்த வேலை முடிந்ததாகக் கணக்கு.

ஆயில் மாற்றிய ரசீதில் அளவையும் பார்ப்பார்கள். எம்54 ஃபில்டரோடு சேர்த்து 6.5 லிட்டர் குடிக்கும். நான்கு லிட்டர் கேன் ஒன்று மட்டும் பில்லில் இருந்தால் கேள்வி வரும். நியாயமான கேள்விதான்.

கூலிங் பற்றி நீட்டித்தான் சொல்ல வேண்டும், இந்தக் காரை நடுரோட்டில் நிறுத்துவது பெரும்பாலும் அதுதான். எக்ஸ்பான்ஷன் டேங்க் பிளாஸ்டிக். இத்தனை வருடச் சூட்டிலும் அழுத்தத்திலும் அதன் ஒட்டில் மயிரிழை விரிசல் விடும். குழாய் முனைகளும் தெர்மோஸ்டாட் உறையும் பிளாஸ்டிக். வாட்டர் பம்ப்பில் பிளாஸ்டிக் இம்பெல்லர் வந்தது உண்டு. அது உடைந்தாலோ தண்டில் வழுக்கினாலோ பெல்ட் சுற்றும், தண்ணீர் சுற்றாது. டேங்க், மூடி, மேல் கீழ் ஹோஸ், தெர்மோஸ்டாட், பம்ப் எல்லாம் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால் "கூலிங் முழுசாகச் செய்தது" என்று எழுதலாம். டேங்க் மட்டும் மாற்றியிருந்தால் டேங்க் என்று மட்டும் எழுதுங்கள்.

டாஷ்போர்டு ஊசி நடுவில் நிற்கிறது என்று காட்டி யாரையும் சமாதானப்படுத்த முடியாது. அந்த ஊசி ஏறத்தாழ 75 முதல் 115 டிகிரி வரை அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி அமைத்தது. உண்மையான சூட்டைப் பார்க்க மீட்டரில் மறைவு மெனு இருக்கிறது. டிரிப் பட்டனை அழுத்திப் பிடித்து உள்ளே போய், சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களைக் கூட்டி வரும் எண்ணால் பூட்டைத் திறந்தால், 7-வது சோதனையில் கூலன்ட் டிகிரி கணக்கில் ஓடும். டெஸ்ட் டிரைவில் அதை நீங்களே திறந்து வைத்துவிடுங்கள். சாதாரண ஓட்டத்தில் எண் 90-களில் நின்றால் வேறு சாட்சி தேவையில்லை.

பின்சக்கரம்

நீலக்கூலன்ட் சொன்ன பழுதுகள் எல்லாம் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு விற்கும் வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றக் கிளம்ப வேண்டாம். விற்பதற்காகவே செய்த பெரிய வேலைக்கு விலையில் பாதிகூடத் திரும்பி வராது. அதைவிட மோசம், புத்தம் புதிய பாகம் பளிச்சென்று உட்கார்ந்திருந்தால் "ஏன் இப்போது மாற்றினார், உள்ளே சூடேறியதா" என்ற சந்தேகம் கிளம்பும். மூன்று வருடம் முன்பு மாற்றி நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வாட்டர் பம்ப், நேற்று மாற்றியதைவிட நம்பிக்கை தரும்.

செய்ய வேண்டியதை இரண்டாகப் பிரிக்கலாம். பாதுகாப்பைத் தொடுவது எதுவோ அதைச் செய்தே ஆக வேண்டும்: பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு. அடுத்தது, சின்னச் செலவில் பெரிய எரிச்சலைத் தீர்ப்பவை. ஏசி ஃபேன் தன்னிஷ்டத்துக்கு ஏறி இறங்குகிறதா? பெரும்பாலும் அதன் ரெசிஸ்டர்தான், முள்ளம்பன்றி போல் அலுமினியக் குச்சிகள் நிற்குமே அது. கால் வைக்கும் இடத்திலிருந்து கை விட்டு மாற்றிவிடலாம். கண்ணாடி பாதியில் சாய்ந்து நிற்கிறதா? ரெகுலேட்டரின் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கும். பின்விளக்கு எரிந்து அணைகிறதா? பல்பை மாற்றிப் பயனில்லை. செடானின் பின்விளக்குப் பிளக்கில் எர்த் பின் சூடேறிக் கருகுவது தெரிந்த பழுது. கனெக்டரைக் கழற்றி பழுப்பு ஒயர் போகும் பின்னைப் பாருங்கள்.

மீதியை அப்படியே விடுங்கள், ஆனால் எழுதுங்கள். "பின் ட்ரெய்லிங் ஆர்ம் புஷ் அசல், மாற்ற வேண்டும், பாகம் வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறது" என்ற ஒரு வரி, பத்து "சூப்பர் கண்டிஷன்"களைவிட அதிகம் விற்கும். இந்த ரகக் காரை வாங்குபவரில் கணிசமானோர் ஸ்பேனர் பிடிப்பவர்கள். வேலை இருப்பது அவர்களைத் துரத்தாது. சொல்லாமல் விட்டதுதான் துரத்தும்.

அடித்தளம்

எல்லோரும் சுற்றி வருகிறீர்கள், இந்தக் காரின் மிகப் பெரிய கேள்வி தரையில் இருக்கிறது. பின் சப்ஃபிரேம் நான்கு இடங்களில் போல்ட் போட்டுப் பிடிக்கும் தகட்டில் விரிசல் வருவது ஈ46-ன் வடிவமைப்போடு சேர்ந்து வந்த குறை. இன்ஜினின் இழுப்பு பின் அச்சைத் திருக, அந்தத் திருகல் மெல்லிய தகட்டில் இறங்குகிறது. ஸ்பாட் வெல்டுகள் ஒவ்வொன்றாகப் பிரியும். பிறகு தகடு கிழியும். சக்தி அதிகமான 330ஐ-யிலும், கிளட்ச்சைப் பட்டென்று விடும் மேனுவல் கார்களிலும் அதிகம். ஆனால் மெதுவாக ஓட்டிய காரில் வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

எப்படிப் பார்ப்பது? லிஃப்டில் ஏற்றி, பின் சக்கரங்கள் தொங்க, நான்கு மவுண்ட்டையும் சுற்றி அடிப்பூச்சைத் துடைத்து, பக்கவாட்டில் டார்ச் அடிக்க வேண்டும். நேராக அடித்தால் விரிசல் ஒளியில் கரைந்துவிடும். அடிப்பூச்சில் கோடு தெரிந்தால் அந்த இடத்தைச் சுரண்டித் தகட்டைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பூச்சு மட்டும் வெடித்திருக்கவும் கூடும். டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கி உள்பக்கமும் பார்க்க வேண்டும். கிளட்ச் விட்டு நகரும்போது பின்னாலிருந்து "டங்" என்று ஒற்றைச் சத்தம் வந்தால் சந்தேகம் வலுக்கும். அதுவும் புஷ்ஷாக இருக்கலாம், கிபோ என்கிற புரொப்பெல்லர் தண்டு ரப்பர் இணைப்பாகவும் இருக்கலாம்.

விற்பவர் செய்ய வேண்டியது இதுதான். விளம்பரத்துக்கு முன் ஒருமுறை லிஃப்டில் ஏற்றி, நான்கு மவுண்ட்டையும் நெருக்கத்தில், நம்பர் பிளேட்டும் ஒரு படத்தில் வரும்படி, தேதியோடு எடுத்து வையுங்கள். வலுவூட்டும் தகடு வெல்ட் செய்திருந்தால் வேலை நடந்தபோது எடுத்த படங்கள்தான் பொக்கிஷம். முடிந்த பிறகு எடுத்ததில் கருப்புப் பூச்சு மட்டுமே தெரியும், அதனடியில் வெல்ட் இருக்கிறதா பசை இருக்கிறதா என்று யார் கண்டார்? விரிசல் இருந்து சரிசெய்யவில்லை என்றால் எழுதுங்கள். விலை குறையும். மறைத்து விற்ற விரிசல் பிறகு வழக்காகத் திரும்பி வருவதைவிட அது மலிவு.

தரையில் இருக்கும்போதே மற்றதையும் பார்த்துவிடலாம். ஜாக்கி வைக்கும் இடங்கள் நசுங்கியிருக்கின்றனவா, ரப்பர் மேடை இருக்கிறதா, பின் சக்கர வளைவின் உள்மடிப்பில் துரு இருக்கிறதா, முன் ஃபெண்டரின் கீழ்ப்பகுதியில் பெயின்ட் கொப்புளம் இருக்கிறதா. சுருள் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்து தட்டில் கிடப்பது இந்தக் காரில் சாதாரணம். உடைந்த துண்டு உட்கார்ந்தே இருப்பதால் ஓட்டும்போது தெரியாது, லிஃப்டில்தான் தெரியும்.

முன் கன்ட்ரோல் ஆர்ம் புஷ் போயிருந்தால் பிரேக் பிடிக்கையில் ஸ்டியரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று நினைத்து டிஸ்க்கை மாற்றி ஏமாந்தவர்கள் உண்டு. பின் ட்ரெய்லிங் ஆர்ம் புஷ் போனால் நெடுஞ்சாலையில் பாதை மாறும்போது பின்பக்கம் ஒரு கணம் தாமதித்துத் திரும்புவது போல இருக்கும், பின் டயரின் உள்விளிம்பு வேகமாகத் தேயும். டயரைப் பார்த்தே புஷ்ஷைச் சொல்லிவிடுபவர்கள் வருவார்கள்.

மைக்ரான்மீட்டர்

பெயின்ட் அளவிடும் கருவி இப்போது பலர் கையில். தொழிற்சாலைப் பெயின்ட் ஏறத்தாழ 80 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். 200-ஐத் தாண்டினால் மறுபடி அடித்தது. 500-க்கு மேல் போனால் அடியில் பட்டி இருக்கிறது. ஒரு பம்பர் உரசலுக்கு ஒரு ஃபெண்டர் அடித்தது பெரிய விஷயமே இல்லை. இருபது வயதில் அது இயல்பு. ஆனால் "முழுக்க அசல் பெயின்ட்" என்று எழுதி, வருபவர் கருவியை வைத்ததும் கதவு 280 காட்டினால் பேரம் அங்கேயே உங்கள் கையை விட்டுப் போய்விடும். ஒரு கருவியை இரவல் வாங்கி, ஒவ்வொரு பேனலிலும் ஐந்து இடத்தில் வைத்து, வந்த எண்களைக் காரின் கோட்டுப்படத்தில் எழுதி ஃபைலில் வையுங்கள். அரை மணி நேர வேலை.

படம் எடுப்பதில் நடக்கும் தவறு, அதிகமாகப் பளபளக்க வைப்பது. கழுவி, ஈரம் உலராமல், மாலை வெயிலில் எடுத்த படம் அழகாக இருக்கும், தெரிந்தவர் நம்பமாட்டார். ஈரம் கீறலை மறைக்கும் என்பது அவருக்குத் தெரியும். மேகம் மூடிய பகலிலோ நிழலிலோ, காய்ந்த காரை எடுங்கள். நான்கு மூலை, நான்கு சக்கரம் நேராக, கதவு திறந்த நிலையில் சீட்டின் பக்கத் திண்டு, ஸ்டியரிங், பெடல் ரப்பர், குளிர்ந்த ஸ்டார்ட்டின் வெட்டாத வீடியோ. ஸ்போர்ட் சீட்டின் ஓட்டுநர் பக்கத் திண்டுதான் காரின் வயதைச் சொல்லும் இடம். அதை ஒளிக்காமல் நெருக்கத்தில் காட்டுங்கள். ஒவ்வொரு கீறலுக்கும் பக்கத்தில் ஒரு நாணயமோ விரலோ வைத்து எடுத்தால் அளவு புரியும், நேரில் வந்து "இவ்வளவு பெரிதா" என்று கேட்கமாட்டார்.

மங்கிய ஹெட்லைட் காரை ஐந்து வருடம் கிழடாக்கிவிடும். சுற்றிலும் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டு 1000, 2000, 3000 என்று வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டால் தெளியும். ஆனால் அதோடு விட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளிக்கும், ஏனென்றால் தேய்த்ததில் புறஊதாக் காப்புப் பூச்சும் போய்விட்டது. மேலே அந்தப் பூச்சை அடித்துத்தான் முடிக்க வேண்டும்.

இன்ஜின் அறையைப் பிரஷர் வாட்டரால் கழுவாதீர்கள். காயில்களுக்குள் தண்ணீர் போய் மிஸ்ஃபயர் வரும் என்பது ஒரு காரணம். புதிதாகக் கழுவிய இன்ஜின் கசிவை மறைத்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்பது இன்னொன்று. ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

சின்னத்திருகு

இடையில் ஒன்று. வருபவர் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி கருவியைச் சொருகினால் எரர் கோட் மட்டும் பார்ப்பதில்லை, கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் தயார்நிலைச் சோதனைகள் முடிந்தனவா என்றும் பார்ப்பார். எரர் கோட் அழிக்கப்பட்டால் அந்தச் சோதனைகள் எல்லாம் "முடியவில்லை" என்று ஆகிவிடும். பல நாள் கலந்து ஓட்டினால்தான் திரும்ப வரும். எனவே பார்க்க வரும் காலையில் செக் இன்ஜின் விளக்கை அணைத்து வைப்பதால் லாபமில்லை, அணைத்தது அப்படியே தெரியும். எரிபொருள் கலவை மெலிந்ததாக இரண்டு பேங்க்கிலும் (சிலிண்டர் தொகுதியிலும்) கோட் வந்தால் பெரும்பாலும் காற்றுக் கசிவு: ஏர்ஃப்ளோ மீட்டருக்குப் பின்னுள்ள ரப்பர் குழாயில் மடிப்புக்குள் விரிசல், சிசிவி ஹோஸ், அல்லது டிஸா (இன்டேக் காற்றுப்பாதையை மாற்றும்) வால்வின் ஓரிங். டிஸாவைக் கழற்றும்போது அதன் மடல் ஆடுகிறதா, ஊசி இருக்கிறதா என்று பாருங்கள். அது உடைந்து உள்ளே போனால் இன்ஜினுக்கே ஆபத்து.

ஏர்பேக்: டகாட்டா ஏர்பேக் ரீகாலில் ஈ46 இருக்கிறது. உற்பத்தியாளரின் ரீகால் பக்கத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டுப் பார்த்து, பாக்கி இருந்தால் இலவசமாக மாற்றிவிட்டு விற்கவும். இன்ஃப்ளேட்டர் வெடித்து உலோகத் துண்டுகள் முகத்தில் பாயக்கூடிய குறை அது. அப்படியே இன்னொருவர் கையில் கொடுப்பது தவறு.

பின்சக்கரம்

டெஸ்ட் டிரைவ் பாதையை முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள். மெதுவாகக் கடக்கும் மேடு பள்ளம் கொஞ்சம், நேரான நெடுஞ்சாலை கொஞ்சம், ஒரு ஏற்றம். இருபது நிமிடம். முதல் பாதி நீங்கள் ஓட்டுங்கள். இன்ஜின் சூடேறும் வரை 3000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற்றாமல் ஓட்டுவதை அவர் பார்ப்பார், காரை எப்படி வைத்திருந்தீர்கள் என்பதற்கு அதுவே பதில். அவரிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் அவர் ஓட்டினால் செல்லுமா என்பதைச் சாவி கொடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

கிளட்ச்சை அவர் நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுத்துச் சோதிப்பார். ஆர்பிஎம் மட்டும் துள்ளி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. 3000-க்குக் கீழே இழுவை மந்தமாக இருந்து, அதன்பின் திடீரென்று உயிர் வந்தால் வேனோஸ் சீல் இறுகிவிட்டது. அசல் ரப்பர் சூட்டில் கெட்டிப்படுவதால் வருவது. சீல் மாற்றினால் சரியாகும். ஆட்டோமேட்டிக் என்றால் கியர்பாக்ஸ் ஆயில் பற்றிக் கேட்பார். "ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை" என்ற ஸ்டிக்கரைக் காட்டாதீர்கள். கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது.

டயரில் நான்கு இலக்கம் பார்ப்பார்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் எட்டு வயது டயர் மழையில் பிடிக்காது. நான்கும் ஒரே பிராண்டாக இல்லாவிட்டாலும் ஒரே அச்சில் உள்ள இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 17 அங்குலச் சக்கரத்துக்கு 225/45 ஆர்17. வெளிச்சந்தைச் சக்கரம் போட்டிருந்தால் மையத் துளை 72.6 மில்லிமீட்டர்தானா என்று பாருங்கள். பெரிய துளைக்கு வளையம் போடாமல் மாட்டியதுதான் பல கார்களில் 100 கிலோமீட்டரில் வரும் நடுக்கத்துக்குக் காரணம்.

சாவிக்கொத்து

ஏமாற்று பற்றி யாரும் எழுதவில்லை. பல நாடுகளில் பதிவான ஒரு முறை இது. இருவர் அல்லது மூவர் சேர்ந்து வருவார்கள். ஒருவர் உங்களை டிக்கிப் பக்கம் கூட்டிப்போய் ஸ்பேர் சக்கரம் பற்றியோ ரசீது பற்றியோ ஆர்வமாகக் கேட்பார். பானெட் திறந்திருக்கும். இன்னொருவர் சட்டைப்பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து எக்ஸ்பான்ஷன் டேங்கில் கொஞ்சம் ஆயில் ஊற்றுவார். எக்ஸாஸ்ட் குழாயிலும் கொஞ்சம். ஓட்டிவிட்டு வந்ததும் புகை. மூடியைத் திறந்தால் கூலன்டின் மேல் ஆயில். "ஹெட் கேஸ்கெட் போச்சு, இந்த விலைக்குத் தந்தால் எடுத்துக்கொள்கிறோம்" என்று பாதிக்கும் கீழே கேட்பார்கள். அதிர்ச்சியில் விற்றுவிடுபவர் உண்டு.

பதறாமல் மூடிக்குள் பாருங்கள். ஊற்றிய ஆயில் தேன் நிறத்தில் தெளிவாக, தனிப் படலமாக மேலே மிதக்கும். இன்ஜினுக்குள்ளிருந்து வந்தது ஓடிய ஆயில். கறுத்திருக்கும், நாளடைவில் கலந்து மோர்க் குழம்பு போலத் திரிந்திருக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் எரிந்த வாயுவின் கசிவுச் சோதனை இருக்கிறது: டேங்க் வாயில் வைக்கும் குழாயில் உள்ள நீலத் திரவம், எரிந்த வாயு பட்டால் மஞ்சளாகும். அன்று எதையும் விற்க வேண்டாம், சோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிடுங்கள். இதற்குத் தடுப்பு எளிது: பார்க்க வருபவர் வந்தால் உங்களோடு இன்னொருவர் நிற்கட்டும், பானெட் திறந்திருக்கையில் ஒருவர் அதைவிட்டு நகரக் கூடாது. வருவதற்கு முன் டேங்க் வாயைத் தேதியோடு ஒரு படம்.

பணம் விஷயத்தில் ஒரே விதி. உங்கள் வங்கிக் கணக்கில், நீங்களே திறந்து பார்த்த இருப்பில், பணம் ஏறியிருக்க வேண்டும். அவர் ஃபோனில் காட்டும் "அனுப்பியாயிற்று" திரை கணக்கில் சேராது. கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்பவர் திருடர். கைமாறிய தேதியோடு மணியும் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும்; அன்று மாலை வேகக் கேமராவில் கார் சிக்கினால் அந்த மணிதான் உங்களைக் காக்கும். உரிமை மாற்றத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல் உங்கள் பக்கத்து அறிவிப்பை அன்றே கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது சாவியையும் பாருங்கள். ரிமோட் சாவியின் பேட்டரி இக்னிஷனில் இருக்கும்போது சார்ஜ் ஏறும் வகை. வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தது செத்திருக்கும். விற்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அந்தச் சாவியால் ஓட்டினால் சில சமயம் உயிர் வரும். இல்லையென்றால் "ரிமோட் வேலை செய்யாது, கதவும் இன்ஜினும் இயங்கும்" என்று சொல்லிவிடுங்கள். சாவி ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதையும் முன்பே சொல்லுங்கள், ஏனென்றால் இம்மொபிலைசர் சாவியைச் சேசிஸ் எண் கொடுத்துத்தான் வரவழைக்க வேண்டும்.

மைக்ரான்மீட்டர்

மாற்றங்கள் செய்த காருக்கு ஒரு சேர்க்கை. தாழ்த்திய ஸ்பிரிங், வெளிச்சந்தை எக்ஸாஸ்ட், வேறு ஸ்டியரிங் எல்லாம் உங்கள் ரசனை, அடுத்தவர் விலை கொடுக்கமாட்டார். அசல் பாகங்கள் இருந்தால் திரும்ப மாட்டி, மாற்றியவற்றைத் தனியே விற்பது நல்லது. அசல் பாகம் இல்லையென்றால் எந்தப் பிராண்ட், யார் மாட்டியது, அலைன்மென்ட் தாள் எங்கே என்பதைக் காட்டுங்கள். டிக்கி மூடியின் உள்பக்கம் இருக்கும் கருவிப்பெட்டியில் அத்தனை ஸ்பேனரும் அதனதன் இடத்தில் இருந்தால் அதைப் படம் எடுத்துப் போடுங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் இருபது வருடம் யாரும் எதையும் தொலைக்காத கார் என்று அந்த ஒரு படம் சொல்லிவிடும்.

ஆறுசிலிண்டர்

சாவி கொடுக்கும் அன்று வாங்கியவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டியவை: ஊற்றியிருக்கும் ஆயிலின் தரமும் பிசுக்கும், அடுத்த சர்வீஸ் எப்போது, வீல் போல்ட் 120 நியூட்டன் மீட்டர், பூட்டு போல்ட்டின் தலை எங்கே வைத்திருக்கிறது, பேட்டரி டிக்கியின் வலப்பக்கம்.

அதோடு கூலன்ட் ஊற்றும் முறை. முதல் முறை செய்பவர் இதில்தான் தவறுகிறார், பிறகு கார் சூடேறினால் உங்களுக்கு ஃபோன் வரும். நீலக் கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பி, ஃபேனைக் குறைந்த வேகத்தில் வைக்க வேண்டும். அப்போதுதான் ஹீட்டர் வால்வு திறந்து அங்குள்ள காற்று வெளியேறும். டேங்க் பக்கத்தில் உள்ள பிளீட் திருகைத் தளர்த்தி, மெதுவாக, நூல் போல ஊற்ற வேண்டும். திருகு வழியாகக் குமிழி நின்று கூலன்ட் மட்டும் சீராக வரும் வரை நிறுத்தக்கூடாது. அந்தத் திருகு பிளாஸ்டிக். ஸ்க்ரூடிரைவரைத் தலையின் பிளவில் சரியாக உட்காரவைத்து, இறுகியதும் கையை எடுத்துவிட வேண்டும், இன்னொரு சுற்று என்று போனால் தலை உடைந்து டேங்கிலேயே தங்கிவிடும்.